அம்மாச்சியின் ஆட்டுக்கல்லும் அரசாங்கத்து மிக்சியும்

பி.காம் படிக்கிற பையன் சமையலைப் பற்றி என்ன எழுதப் போகிறான் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் :-) போன வருஷம் வரை எனக்குத் தெரிந்த சமையல், ஸ்டவ்வை அணைப்பது மட்டும்தான். அதுவும் அம்மா ஹாலில் இருந்து சத்தம் போட்டால்தான்.

பிறகு ஒரு நாள் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. அப்பா காலை ஏழரைக்கு வேலைக்குப் போய்விடுவார். எனக்குக் கல்லூரி பத்து மணிக்கு. ஆக, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படி என் கைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து அம்மாச்சி பஸ் ஏறி வந்து, அடுப்படி வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். சமையலோடு சேர்த்து நிறைய பழைய கதையும் சொன்னார். அந்தக் கதைகளையும், அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. ராஜாக்கள் போர் செய்த வரலாறு நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இது மாவு அரைத்த வரலாறு.

முதலில் தோட்டம்

எங்கள் வீட்டுப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி இடம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி, சுவரோரம் பிரண்டை, மிளகாய்ச் செடி நாலு, தக்காளி இரண்டு, கூரையில் படர்ந்த பறங்கிக்கொடி. பாத்திரம் கழுவின தண்ணீர்தான் இவற்றுக்குப் பாசனம். மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு எதிரே நிற்கிற ஊர் என்றாலும் கோடையில் குழாய்த் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பவர்கள்தான் நாங்கள். அதனால் தோட்டத்துக்கென்று தனியாகத் தண்ணீர் விடுகிற வழக்கமே கிடையாது.

இதெல்லாம் நம்ம ஊர்ச் செடி என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் பாதிக்குப் பாதி வெளிநாட்டுக்காரர்கள்! மிளகாய், தக்காளி, பப்பாளி, பறங்கி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுக்கீசியர் கப்பல் வழியாக மிளகாய் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு நம் ஆட்கள் மிளகையும் காயையும் சேர்த்து மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பறங்கியர் நாட்டுக் காய் பறங்கிக்காய். பெயரிலேயே பாஸ்போர்ட் இருக்கிறது. தக்காளி என்ற பெயரோ நம் மணத்தக்காளி போன்ற செடிகளுக்கு ஏற்கெனவே இருந்த பெயர். பின்னால் வந்த செடி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அதைச் சீமைத் தக்காளி என்றுகூடச் சொல்வார்களாம்.

முருங்கையும் கறிவேப்பிலையும் இந்த மண்ணின் பிள்ளைகள். முருங்கைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரான மொரிங்கா, தமிழ் முருங்கையில் இருந்து போனதுதான். இன்று வெளிநாட்டுக் கடைகளில் மொரிங்கா பவுடர் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். நம் வீட்டில் அது காற்றடித்தால் ஒடிந்து விழுகிற மரம்.

வீட்டுத் தோட்டம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பெரியாழ்வார் வைத்திருந்த நந்தவனத்தில் துளசிச் செடிக்குப் பக்கத்தில்தான் ஆண்டாள் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டாள் என்பது அந்த ஊரின் கதை. நாச்சியார் திருமொழியில் அவள் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக வேண்டிக்கொள்கிறாள். அரிசி, பால், வெல்லம், நெய் சேர்ந்த பதார்த்தம் அது. இந்தக் கதையை அம்மாச்சியிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "நூறு தடா சரிய்யா. அத்தனையும் கிண்டினது யாரு?"

இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது.

கல்லின் காலம்

அம்மியும் ஆட்டுக்கல்லும் எவ்வளவு பழசு? சிந்துவெளி நாகரிகத்தின் மொகஞ்சதாரோவில் தானியம் அரைக்கிற கற்கள் கிடைத்திருக்கின்றன. அதாவது நாலாயிரம் வருஷத்துக்கு மேல், கல்லின் மேல் கல்லை வைத்துத் தேய்க்கிற அடிப்படை வேலை மாறவே இல்லை. கல்யாணத்தில் அம்மி மிதிக்கச் சொல்கிறோமே, கல்லைப் போல உறுதியாக இரு என்று அர்த்தம் சொல்வார்கள். "இனி இதுதான் உன் வேலை" என்றும் ஓர் அர்த்தம் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அம்மாச்சிக்குக் கல்யாணம் ஆனது 1970 வாக்கில். கூட்டுக்குடும்பம், ஒன்பது பேர். அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும் கேழ்வரகும்தான். உரலில் உலக்கையால் கம்பு குத்தி, புடைத்து, கூழோ களியோ ஆக்க வேண்டும். இட்லி, தோசை என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும், விருந்தாளி வந்தாலும். வசதி கொஞ்சம் வந்த பிறகு வாரம் ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம். ஒரு கை குழவியைச் சுற்றும், மறு கை மாவை உள்ளே தள்ளும். அம்மா ஐந்தாவது படிக்கும்போதே இந்தத் தள்ளிவிடுகிற வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். வீட்டுப்பாடமும் அப்படியே வாயால் ஒப்பித்துக்கொண்டே நடக்குமாம்.

கல் தேய்ந்துவிட்டால் தெருவில் "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா" என்று உளியோடு வருவார்கள். இன்று அந்தக் குரலை எங்கள் தெருவில் கேட்க முடியாது.

மெஷின் வந்த கதை

இங்கேதான் வரலாறு கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குக்கர்: 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவியை அடைத்து எலும்பை மெதுவாக்கும் ஒரு பாத்திரத்தைச் செய்துகாட்டினார். நம் நாட்டில் 1910-ல் கல்கத்தாவைச் சேர்ந்த இந்துமாதவ் மல்லிக் இக்மிக் குக்கர் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுக்குப் பாத்திரம், அடியில் கொஞ்சம் கரி. சோறு, பருப்பு, காய் எல்லாம் ஒரே சமயத்தில் ஆவியில் வேகும். இன்றைய பேச்சிலர் சமையலுக்கு அவர்தான் தாத்தா! 1959-ல் ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கிய பிறகு பிரஷர் குக்கர் மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளுக்குள் வந்தது. விசில் வரும் நிலையில் உள்ளே வெப்பம் கிட்டத்தட்ட 120 டிகிரி. சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு மணி நேரம் வேக வேண்டிய பருப்பு கால் மணியில் வேகிற ரகசியம் இந்த 20 டிகிரியில்தான் இருக்கிறது.

கிரைண்டர்: இது முழுக்கத் தமிழ்நாட்டுச் சரக்கு. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஏன் கோவை? 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து, மில்லும் மோட்டார் பம்ப்செட் தொழிலும் வளர்ந்த ஊர் அது. மோட்டார் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன. நல்ல கருங்கல் பக்கத்திலேயே ஊத்துக்குளிப் பகுதியில் கிடைத்தது. இரண்டும் சேர்ந்தால் கிரைண்டர். பிற்பாடு கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அது 2019-ல்தான் வந்தது.

மிக்சி: 1963-ல் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினியர் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்தார். அவர் மனைவி மாதுரியின் வெளிநாட்டு மிக்சி பழுதாகிப் போனதில் இருந்துதான் அந்தக் கதை ஆரம்பிக்கிறது. வெளிநாட்டு மெஷின்கள் ஜூஸ் அடிக்கச் செய்தவை. நம் ஊறவைத்த பருப்பையும் மஞ்சளையும் போட்டால் மோட்டார் தாங்காது. நம் சமையலைத் தாங்குகிற மோட்டார் வேண்டும் என்பதுதான் அவர் செய்த மாற்றம். 1978-ல் சென்னையில் ப்ரீத்தி ஆரம்பித்தது. அதை 2011-ல் பிலிப்ஸ் வாங்கிக்கொண்டது.

ஆனால் கண்டுபிடித்த வருஷம் வேறு, நம் வீட்டுக்குள் வந்த வருஷம் வேறு. அம்மாச்சி வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது 1991-ல். அதற்கு முன் ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, கிரைண்டர் வைத்திருக்கிற வீட்டுக்குப் போய் வரிசையில் நின்று, படிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அரைத்து வருவார்களாம். கரண்ட் போய்விட்டால் அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை. மிக்சி வந்தது அதைவிடத் தாமதம். 2011 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில், ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருஷம் அம்மாச்சிக்கு அது கிடைத்தது. அந்த மிக்சியைத்தான் நான் சமையல் பழகும்போது பயன்படுத்தினேன். ஜார் மூடியை மட்டும் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

என் கணக்கு தப்பான இடம்

காமர்ஸ் மாணவன் அல்லவா, உடனே ஒரு கணக்குப் போட்டேன். ஆட்டுக்கல் போய்க் கிரைண்டர் வந்ததால் அம்மாச்சிக்கு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்? 150 வாட் கிரைண்டர் 40 நிமிஷம் ஓடினால் 0.1 யூனிட் கரண்ட். வாரத்துக்கு ஒரு மணி நேர உடல் உழைப்பு போச்சு. வருஷத்துக்கு 52 மணி நேர லாபம்! பெருமையாக அம்மாச்சியிடம் நோட்டைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "ஏய்யா, ஆட்டுக்கல் இருந்தப்ப வாரத்துக்கு ஒரு நாள் இட்லி. கிரைண்டர் வந்த பெறகு தெனமும் இட்லி. இத எந்தப் பக்கம் எழுதுவ?"

திரும்ப உட்கார்ந்து எழுதினேன். வாரம் இரண்டு முறை ஊறப்போட்டு, களைந்து, கிரைண்டரில் போட்டு, வழித்து, கல்லைக் கழுவ ஒவ்வொரு முறையும் அரை மணி. மொத்தம் ஒரு மணி நேரம். லாபம் அங்கேயே காலி. அதற்கு மேல் தினமும் இட்லி ஊற்றி எடுக்க, சட்னி அரைக்க, தட்டு கழுவ 40 நிமிஷம். ஆறு நாளைக்கு நாலு மணி நேரம். மெஷின் வந்த பிறகு இட்லிக்காகச் செலவான நேரம் வாரத்துக்கு ஐந்து மணியாக ஏறியிருக்கிறது.

நேர்மையாக இன்னொரு வரியும் எழுத வேண்டும். கம்பு குத்துகிற வேலை இந்தக் காலத்தில் நின்றுபோனது. அதுவும் பெரிய வேலைதான். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று தொடங்கி, 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் ரேஷன் அரிசி இலவசம் என்று அரிசி மலிவாகிக்கொண்டே வந்தது. மலிவான அரிசியும் கிரைண்டரும் சேர்ந்துதான் பண்டிகை இட்லியைத் தினப்படி இட்லி ஆக்கின. உலக்கை போய்விட்டது, உடல்வலி குறைந்தது. ஆனால் பெண்கள் அடுப்படியில் இருக்கிற நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு, மாவு மில் எல்லாம் வந்தும் அமெரிக்க இல்லத்தரசிகளின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பதுதான் அதன் கேள்வி. அவர் சொல்கிற காரணங்களில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. மெஷின்கள் முதலில் ஒழித்தது ஆண்களும் பிள்ளைகளும் செய்துகொண்டிருந்த வேலைகளைத்தானாம். விறகு பிளப்பது, தானியம் அரைத்து வருவது போன்றவை. பெண்களின் வேலை அப்படியே நின்றது, எதிர்பார்ப்பு மட்டும் ஏறியது.

தாத்தாவைப் பற்றி அம்மாச்சியிடம் கேட்டேன். தாத்தா விறகு பிளப்பாராம், கிணற்றில் தண்ணீர் இறைத்து அண்டாவை நிரப்புவாராம். கேஸ் வந்தது, மோட்டார் வந்தது. தாத்தா திண்ணையில் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அப்பாவும் அப்படித்தான். நானும் அம்மா கீழே விழுகிற வரைக்கும் அப்படித்தான்.

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிஷம். ஆண்களுக்கு 97 நிமிஷம். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையையே செய்கிறார்கள். எனக்கு அந்த ஆறு வாரத்துக்கு முந்தைய கணக்கு: பூஜ்யம்.

எந்தப் பேரேட்டில் எழுதுவது?

எங்கள் பொருளாதாரப் பாடத்தில் பிகூ என்று ஓர் ஆங்கிலேயர் வருவார். 1920-ல் அவர் சொன்னது: ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது, அதனால் கணக்கில் வராது. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். அடுப்படியில் நின்று யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியான மனைவியின் உழைப்பும் மறைமுகப் பங்களிப்பாக இருக்கிறது, அவருக்குப் பங்கு உண்டு என்றது. அதே வருஷம் செப்டம்பர் 15-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தேதியைக் கவனித்தீர்களா? மிக்சி தந்த அதே செப்டம்பர் 15. ஒரு திட்டம் வேலையைச் சுலபமாக்க மெஷின் கொடுத்தது, இன்னொன்று அந்த வேலைக்கு மதிப்பு உண்டு என்று பணம் கொடுத்தது. இரண்டும் தேவைதான். ஆனால் வேலையைப் பங்கு போட எந்த அரசாங்கமும் வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது. அது நாமே செய்ய வேண்டியது.

நான் சமைத்தது

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு, குறிப்பாக என் வகுப்புப் பையன்களுக்கு, அம்மாச்சி சொல்லிக்கொடுத்ததில் சுலபமான இரண்டு.

முருங்கைக்கீரைப் பருப்பு: அரை டம்ளர் துவரம்பருப்பு, மஞ்சள் தூள், நாலு பூண்டு, தோட்டத்துத் தக்காளி ஒன்று, ஒன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலு விசில். ஆவி அடங்கியதும் மசித்து, உருவிக் கழுவிய கீரை இரண்டு கை போட்டு, உப்பு சேர்த்து, திறந்தபடியே ஐந்து நிமிஷம் கொதிக்க விடவும். மூடினால் கீரை நிறம் மாறிவிடும். கடுகு, வத்தல், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. கீரையை முதல் நாள் ராத்திரியே ஒரு துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை உதிர்ந்துவிடும்.

பிரண்டைத் துவையல்: இளம் பிரண்டையாக ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரிக்கவும். எண்ணெய் தடவாமல் உரித்து அரிப்பில் நான் ஆடிய ஆட்டத்தை அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை நன்றாக வதக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கும் அரிக்கும். உளுந்து, வத்தல், புளி, உப்பு, தேங்காய் சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டவும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகித் துவையல் ருசி கெடும். கிரைண்டர் மாவு மிக்சி மாவைவிட நன்றாக இருப்பதற்கும் காரணம் இதுதான். கல் மெதுவாகச் சுற்றும், மாவு சூடாகாது.

அம்மாவின் கை சரியாகிவிட்டது. தையல் மெஷினில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பதும் கிரைண்டர் கழுவுவதும் இப்போது என் பொறுப்பு. அப்பாவுக்குத் தேங்காய் துருவுகிற வேலை. முனகிக்கொண்டேதான் செய்கிறார், ஆனால் செய்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆட்டுக்கல் இப்போதும் முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. மழைத்தண்ணீர் நிறைந்தால் காக்கா குடிக்கும். போன வாரம் போயிருந்தபோது, "பழமைக்குத் திரும்பணும்னு எல்லாரும் சொல்றாங்க, இதத் திரும்ப உள்ள கொண்டு வந்து வைக்கட்டுமா?" என்று அம்மாச்சியைக் கேட்டேன்.

"வை. நீயே ஆட்டு" என்றார்.

குழவியைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஐந்தாவது சுற்றில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் மாவு அரைப்பது யார்? நேரம் கிடைத்தால் ஒரு வாரம் கணக்கெழுதிப் பாருங்கள்.